பாதத்துக்குக் குடிபோன காது

மலைக்கிராமமான கூக்காலில் ராஜகுமாரிக்கு ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, உள்ளங்கால் வழியாகக் காது கேட்கத் தொடங்கியது. அன்று ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. பஸ் மட்டும் வழக்கம்போல லேட். ஆடி மாதக் காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோயிருந்தது. மதுரையில் சோதித்துவிட்டு, நூற்றுக்கு நூறு கேட்காது என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எதிலும் நூறு வாங்காதவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போனாள். அவள் புருஷன் ராமருக்குத்தான் பயம். குளிர் ஏறக் கூடாதென்று வீட்டுக்குள் கம்பளிக் காலுறையும் காட்டில் ரப்பர் பூட்ஸும் மாட்டிவிட்டு, மூன்று மாதம் அவளை மண் மிதிக்க விடவில்லை. அப்படியும் புரட்டாசியில் ஒரு காட்டுமாடு அவள் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் வந்து நின்று பெருமூச்சு விட்டது. அவள் பாட்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ராமர் காட்டை விற்றுவிட முடிவு செய்தார்.

வாங்க வந்தவர் காட்டேஜ் கட்டும் சண்முகராஜ். பத்திரம் எழுதுவதற்கு முன்னால் சாமி முன் வாக்குக் கொடுக்க வேண்டும், பெண்சாதியும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். காது சரியாக வேண்டிப் பொங்கல் வைக்கப் போகிறோம் என்று ஜாடை காட்டி ராமர் அவளை அழைத்துப்போனார். கோயில் என்றால் காலில் ஒன்றும் கூடாது. பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் உருவிவிட்டு ராஜகுமாரி கல்தளத்தில் கால் வைத்ததும் ஊர்ச் சத்தம் முழுக்க அவளுக்குள் ஏறியது. கோயில் மணி, ஏரிக்கரையில் துணி துவைப்பது, நடுவே தாழ்ந்த குரலில் புருஷன்.

"காது போனவள வச்சுக்கிட்டு மாடு வர்ற காட்டுல என்னங்க செய்ய? அவளுக்குத் தெரியாமலே முடிச்சிருவோம். தெரிஞ்சா உசுர விட்டுருவா."

மூன்று மாதம் கழித்துக் கேட்ட முதல் பேச்சு இது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"உசுர விட மாட்டேங்க, காட்டையும் விட மாட்டேன்," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல? இப்ப வெரசா ஓடுங்க. சோலையிலருந்து நம்ம காட்டுக்கு ஒம்பது மாடு எறங்குது. கடைசி மாடு நொண்டுது."

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஒன்பதுதான். கடைசி மாடு நொண்டியது. தகரம் தட்டி விரட்டிவிட்டு ராமர் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். சண்முகராஜ் தான் கொண்டுவந்த தேங்காயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பிற்பாடு மதுரை டாக்டர் விளக்கம் சொன்னார். மூளையில் சத்தத்துக்கென்று ஓர் இடம் உண்டு, காதிலிருந்து வரத்து நின்றால் தோலில் படும் அதிர்வு அங்கே குடியேறும், இது உள்ளதுதான். ஆனால் இப்படி வீட்டையே வளைத்துப் போட்டதை அவர் பார்த்ததில்லையாம். ஊருக்கு இது பெரிய சங்கதியாகப் படவில்லை. காட்டைத் தரிசாகப் போட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டி உள்ளே வரத்தானே செய்வான் என்றார்கள்.

அதற்குப் பின் ஆறு வருஷம் ஓடிவிட்டது. மண்ணுக்குள் பூண்டு பல் பிரிவதைக் கேட்டு அவள் சொல்லும் நாளில்தான் ஊரே பிடுங்குகிறது. மழைக்காலத்தில் எங்கேயும் மண் சரியவில்லை என்று அவள் தலையாட்டினால்தான் பெருமாள்மலைக்குப் பஸ் கிளம்பும். ரகசியம் பேசுகிறவர்கள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

சண்முகராஜ் தை பிறந்ததும் காட்டைக் கேட்டுத் தவறாமல் வருகிறார். அவருடைய கார் அத்தனை தூரத்தில் பெருமாள்மலையில் திரும்பும்போதே ராஜகுமாரிக்குத் தெரிந்துவிடும். பூட்ஸை மாட்டிக்கொண்டு, சர்டிபிகேட்டும் கையுமாக வாசலில் நிற்பாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்பாள்.

பிறகு காட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுக் களையெடுக்க இறங்குவாள்.