ஜன்னல் வழியே போட்ட பை

பை பேருந்துக்குள் இருந்தது. பேருந்து எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் முன்பதிவில்லாத பேருந்துகளாகப் பார்த்து ஏறி, குறைந்த செலவில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். இந்த வகைப் பேருந்தில் இருக்கை யாருக்கு என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக யாருடைய பொருள் முதலில் இருக்கையில் விழுகிறதோ, இருக்கை அவருக்கு. கைக்குட்டை போடலாம், செய்தித்தாள் போடலாம். போக வேண்டிய ஊரின் பெயரைப் போர்டில் பார்த்ததும் தம்பி கைக்குக் கிடைத்ததைப் போட்டான். கிடைத்தது அக்காவின் சின்ன முதுகுப்பை.

வந்தவர்கள் இறங்கினார்கள். இவர்கள் ஏறுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. ஓட்டுநர் கையை ஆட்டி என்னவோ சொன்னார்; வண்டியைப் பின்னால் எடுத்தார்; போயே போய்விட்டார்.

"பாஸ்போர்ட் அதுலதான்டா இருக்கு" என்றாள் அக்கா.

"யாருதுக்கா?"

"ரெண்டு பேருதும்தான். நாளைக்குக் காலைல ஃப்ளைட்டு, ஞாபகம் இருக்கா?"

"சீட்டு புடிச்சிட்டேன்ல?"

"புடிச்ச. பைக்கு. அது ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டுப் போவுது."

நிலையத்தின் விசாரணைக் கூண்டில் இருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "டீசல் போட டிப்போவுக்குப் போயிருக்கும்மா. எங்க போயிடப் போவுது? அஞ்சாம் நம்பர்ல நில்லுங்க, அந்த ஊர் வண்டி அங்கதான் வரும்."

நின்றார்கள். பை போன வண்டியைப் போலவே ஒரு நீலப் பேருந்து வந்தது, அதே போர்டு. தம்பி முட்டி மோதி ஏறிப் பார்த்தான். பை இல்லை. இன்னொன்று வந்தது. அதே நீலம், அதே போர்டு, பை இல்லை.

"அக்கா, இதுதான் அந்த வண்டி. சீட்டு கிழிஞ்சிருக்கு பாரு."

"எந்த வண்டியிலடா சீட்டு கிழியல?"

மூன்றாவதும் வந்து போனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது இருவருக்கும். சொன்ன ஊருக்குச் சொன்ன இடத்தில் வண்டிகள் வருகின்றன; பை மட்டும் வரவில்லை. யாராவது எடுத்துவிட்டார்களா? அல்லது தப்பான இடத்தில் நிற்கிறோமா?

அப்போது ஒரு கண்டக்டர் தகரப் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். அக்கா அவரை மறித்தாள்.

"சார், இது எந்த பஸ்ஸோட போர்டு?"

"என் போர்டும்மா."

"பஸ்ஸுக்குத்தானே போர்டு?"

"எந்த வண்டி குடுக்கறாங்களோ அதுல மாட்டுவேன். இன்னும் குடுக்கல. வேணும்னா நீங்க ஒண்ணு குடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அக்கா போகிறவரையே பார்த்தாள். அவர் கக்கத்தில் இருந்த போர்டில் இரண்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன, நடுவில் ஒரு கோடு. வண்டி போகிறதா, வருகிறதா என்று அது சொல்லாது. அப்படியானால் தம்பி பை போட்டது அந்த ஊருக்குப் போகிற வண்டியில் இல்லை. அங்கிருந்து வந்து ஓட்டத்தை முடித்த வண்டியில். டிப்போவில் பழைய கண்டக்டர் தன் போர்டைக் கழற்றிக்கொண்டு போவார். டீசல் நிரப்பியதும் அடுத்த கண்டக்டர் தன்னுடையதை மாட்டுவார். பை இருக்கும் வண்டி இப்போது எந்த ஊர் வண்டியாகவும் ஆகியிருக்கலாம். ஐந்தாம் எண்ணில் எத்தனை நேரம் நின்றாலும் பயனில்லை.

"ஓடு, டிப்போவுக்கு!"

"ஏற்கெனவே கிளம்பியிருந்தா?"

பக்கத்துத் தெருவில்தான் டிப்போ. கம்பி வேலிக்குள் டீசல் பம்புக்கு முன்னால் வண்டிகள் இன்னும் வரிசையில் நின்றன. வெளியே வர ஒரே ஒரு வாசல். காவலாளி குறித்துக்கொள்வதற்காக ஒவ்வொரு வண்டியும் அங்கே நிற்க வேண்டும்.

"எந்த ஊர் போர்டுக்கா பாக்கணும்?"

"போர்டையே பாக்காத. உள்ள பாரு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

ஒரு வண்டி நின்று போனது. இன்னொன்று. காவலாளி, "என்னம்மா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி எட்டி எட்டிப் பாக்கறீங்க?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. அடுத்து வந்தது நேர் எதிர்த் திசையில் ஏதோ ஒரு மலையூருக்குப் போகிற வண்டி. தம்பி வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினான். "அக்கா! இருக்கு!"

ஐந்தாம் எண்ணில் காத்திருந்தால் அது கிடைத்திருக்காது. எல்லா வண்டியும் நின்றே தீர வேண்டிய ஒரே வாசலில் நின்று, போர்டை விட்டுவிட்டு இருக்கைகளைப் பார்த்தார்கள், பை கிடைத்தது.