எவரும் பயன்படுத்தாத உருப்பெருக்கி

கணினி வைத்திருப்போருக்கும், இனி வைத்திருக்கப் போவோருக்கும், வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டரை ஆண்டுத் தவத்துக்குப் பின் ‘வெளி’யின் ஏழாம் பதிப்பு பிறந்துவிட்டது. இனிச் சாளரங்களின் மூலைகள் கூராக இரா, வளைந்திருக்கும். மூடுகிற சாளரம் பட்டென்று மறையாது. இறகைப் போல் இறங்கி மறையும். பட்டி தன்னைத்தானே ஒளித்துக்கொள்ளும். தேவைப்படும்போது வெளியே வரும். தேவை எப்போது என்பதை அதுவே தீர்மானிக்கும். பின்னணிப் படங்கள் ஏழும் மூச்சு விடும். மனிதனுக்கும் எந்திரத்துக்கும் நடுவே நின்ற கடைசிச் சுவர் இன்று இடிந்தது.

இப்படியே தொள்ளாயிரம் சொல். எழுதியவர் தலைமைச் சிற்பி. அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாரும் பிடுங்கவுமில்லை, அவ்வளவுதான். ‘வெளி’ என்பது கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற பட்டி, பொத்தான், சாளரம் எல்லாம் சேர்ந்த முகப்பு. எட்டுப் பேர் சம்பளமில்லாமல் கட்டியது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். உள்ளே கைவிட்டு மாற்றலாம். குறை மட்டும் சொல்லக் கூடாது.

அறிக்கையின் அடியில், பொடி எழுத்தில், ‘நீக்கப்பட்டவை’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதைப் படித்தே ஆக வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவளால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

அவள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். அங்கே முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்கா. தலைமைச் சிற்பிக்கு மட்டும் நிஜமாகவே அக்கா. ஆறு வருடம் முந்திப் பிறந்தவள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே, ஒருவரும் படிக்காத ஒரு தாள், அதை வரி வரியாகப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. இடது கண் பேருக்கு இருக்கிறது. வலது கண்ணோ, எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் யாருக்கும் சளைத்ததில்லை. நான்கு வருடமாக ஒரு விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்துவாள், உருப்பெருக்கி விழித்துக்கொள்ளும், கால் மில்லி, அரை மில்லி எல்லாம் கட்டைவிரல் அளவுக்கு எழுந்து நிற்கும். இருபத்தைந்து வயதுக்காரர்கள் கோட்டைவிட்ட புள்ளிகளை அவள் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அச்சகத்துக் கணினிகளைச் சம்பளம் வாங்காமல் கௌரவமாகப் பராமரிக்கிறவர் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வந்து பதினொரு கணினியிலும் ஏழாம் பதிப்பை ஏற்றிவிட்டு, பாஸ்வேர்டைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் விசையையும் கூட்டல் குறியையும் அழுத்தினாள். திரை மங்கியது. ஓர் இலை மிதந்து வந்தது. ‘மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்’ என்று எழுத்து தோன்றியது. அந்த எழுத்து மட்டும் நல்ல பெரிதாக இருந்தது.

பக்கத்து மேசையில் பக்கம் வடிவமைக்கிறவர் எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவருக்கு வக்கீல் என்று பெயர்.

“என்னக்கா, ஸ்கிரீன் தூங்குது?”

“தூங்கல. என்னை மூச்சு விடச் சொல்லுது.”

“இத்தனை நாள் விடாமயா இருந்தீங்க?”

அதற்குள் மேலாளர் வந்து நின்றார். சத்தமில்லாமல் வருவதற்கென்றே ரப்பர் செருப்பு வாங்கியவர்.

“என்னம்மா, ஆபீஸ் நேரத்துல தியானமா?”

“எழுத்தைப் பெருசாக்குறது காணாமப் போச்சு சார்.”

“கண்ணாடியை மாத்திப் பாருங்களேன்.”

“கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குறதைத்தான் சார் மாத்தணும்.”

மேலாளர் சிரிக்கவில்லை. “இருமல் மருந்துத் தாள் எட்டும் வியாழக்கிழமை சாயங்காலம் மெஷினுக்குப் போகணும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. அச்சான தாளைக் கட்டுக் கட்டுற இடத்துல ஆள் பத்தல. அங்க எழுத்துத் தொல்லையே கிடையாது.”

அவள் நாற்காலிக்கு ஆள் தயாராக இருந்தது எல்லாருக்கும் தெரியும். மேலாளரின் மைத்துனி. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்; அதற்குமேல் தகுதி வேண்டுமா என்ன?

மதியம் அக்கா படிக்கட்டில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், என் கண்ணைக் கழட்டி எங்கடா வச்ச?”

“அக்கா, நான் ஒரு முக்கியமான விவாதத்துல இருக்கேன்.”

“ஏழாவது படம் மூச்சு விடுறது பத்தலையா?”

“குறைன்னா முறைப்படி பதிவு பண்ணு. அக்காங்கறதுக்காகத் தனி வாசல் திறக்க முடியாது.”

“அப்ப ஆறையே திருப்பிப் போட்டுக் குடு.”

“பின்னாடி போற வழியை நாங்க ஆதரிக்கறதில்ல.”

“வழியை நான் பாத்துக்கறேன். பாஸ்வேர்டைச் சொல்லு.”

“நீ ஒருத்தி திரும்பிப் போனாலும் அது வரலாற்றையே பின்னுக்கு இழுக்குற மாதிரிக்கா.”

“உன் வரலாறு பூரா தெரியும்டா எனக்கு. பாதியை நான்தான் துடைச்சு விட்டேன்.”

போன் வைக்கப்பட்டது.

மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் தட்டி, முறைப்படி குறையைப் பதிவு செய்தாள். நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: ‘திட்டமிட்டபடியே இயங்குகிறது. மூடப்பட்டது.’ அதன் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டியிருந்தார். வக்கீல் படித்துச் சொன்னார்: பதில் எழுதியவரும் பாராட்டியவரும் ஒருவரே.

செவ்வாய்க்கிழமை தாள்களை அச்செடுத்து, வண்ணம் பார்க்கிறவர்களின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி, எழுத்து எழுத்தாக ஊர்ந்தாள். பொழுது சாய்ந்தபோது ஒரு தாள் முடிந்திருந்தது. அதிலேயே மூன்று பிழை. மீதி ஏழு. மைத்துனி ஒருமுறை வந்து நாற்காலியின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பகலெல்லாம் இரண்டாம் தாளில் ஊர்ந்தும் அது முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு, அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, டயர் கடைக்கு மேலே இருக்கிற அறைக்கு அக்கா போனாள். ‘வெளி’க்காரர்கள் வாராவாரம் கூடுகிற இடம் அது. எட்டுப் பேருக்கு ஒன்பது நாற்காலி. மூலையில் ஒரு பழைய கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி லேப்டாப்பிலிருந்து சுவரில் படம் காட்டி ஏழாம் பதிப்பின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்களின் முகத்தில் பல் வைத்தியர் வாசலில் காத்திருக்கிறவர்களின் களை இருந்தது.

ஒன்பதாவது நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

“இது குழுவினருக்கான கூட்டம்,” என்றார் தம்பி.

“நான் குறைக்கான கூட்டம். ஏன்டா அதை எடுத்த?”

தலைமைச் சிற்பி பெருமூச்சு விட்டு, ஒரு வரைபடத்தைக் காட்டினார். “உணர்ச்சிவசப்படாதக்கா. இது எண்ணிக்கை. உருப்பெருக்கி பயன்படுத்துறவங்க: பூஜ்யம்.”

“நான் பூஜ்யமா?”

“எண்ணிக்கைப்படி.”

“எப்படி எண்ணின?”

“அவங்கவங்க கம்ப்யூட்டரே எதை எத்தனை தடவை பயன்படுத்தினாங்கன்னு நமக்கு அனுப்பும். அதை அனுமதிச்சிருக்கணும், அவ்வளவுதான்.”

“அனுமதிக்காதீங்கன்னு ஊர் ஊரா எழுதினது யாரு? ‘எண்ணப்பட மறுப்போம்’னு பதினாலு பக்கம் எழுதி, எனக்கே ப்ரூஃப் பாக்கக் குடுத்தியேடா. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பதினொண்ணுலயும் அந்த எண்ணிக்கையை உன் கையாலதான அணைச்ச?”

தம்பி தண்ணீர் குடித்தார். அக்கா மற்ற ஏழு பேர் பக்கம் திரும்பினாள்.

“உங்கள்ல யாரு அதை ஆன் பண்ணி வச்சிருக்கீங்க? கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. ஒலிப் பகுதியைக் கவனிக்கும் பெண்மணி மட்டும், “நான் எதுக்குங்க ஆன் பண்ணணும்? நான் எதைத் தட்டுறேன்னு ஊருக்குத் தெரியணுமா?” என்றாள்.

“அப்ப நீங்க யாரைத்தான் எண்ணினீங்க?”

பட்டியை ஒளித்து வைத்த புண்ணியவான் மெல்ல மூலையைச் சுட்டினார். அந்தப் பழைய கணினி. பின்னணிப் படங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று சோதிக்க இரண்டரை வருடமாக இரவும் பகலும் ஓடுகிற எந்திரம். உலகத்திலேயே எண்ணிக்கை அனுப்பிய ஒரே கணினி அதுதான். மவுஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. படம் காட்டுவதைத் தவிர அது வேறொன்றும் அறியாது.

“அதான் ஏழு படமும் மூச்சு விடுதா?” என்றாள் அக்கா. “மவுஸ் எத்தனை பேர் பயன்படுத்துறாங்க?”

“பூஜ்யம்,” என்றார் பட்டிக்காரர், தரையைப் பார்த்தபடி.

“அதையும் புடுங்கி எறிய வேண்டியதுதானே!”

யாரோ கிளுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். தலைமைச் சிற்பி குரலைக் கனமாக்கினார்.

“மாதிரி சின்னதுதான். ஆனா முறை சரியானது. உன் கருத்தை ஆராய ஒரு துணைக்குழு போடலாம். அடுத்த வருஷம் எட்டாம் பதிப்புல…”

“நாளைக்கு சாயங்காலம்டா எனக்கு.”

“பிடிக்கலன்னா தனிக்குடித்தனம் போக்கா. மொத்தமும் திறந்துதான் கிடக்கு. எடுத்துட்டுப் போய் நீயே உனக்குப் பிடிச்ச மாதிரி கட்டிக்கோ. அதான் சுதந்திர மென்பொருளோட அழகு.”

அவர்கள் உலகத்தில் குறை சொல்கிற எவருக்கும் கிடைக்கிற கடைசிப் பதில் இது. கூரை ஒழுகுகிறது என்று வந்தவனிடம் மலையைக் காட்டி, கல் அங்கே இருக்கிறது என்பது மாதிரி.

ஒலிப் பெண்மணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஏழாம் பதிப்பில் அவளுடைய ஒலிப் பொத்தானும் காணாமல் போயிருந்தது.

“ஒரு சந்தேகங்க. ஏழுல ப்ரொஜெக்டர் வேலை செய்யாதுன்னு மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன். உங்க படம் மட்டும் சுவத்துல எப்படித் தெரியுது?”

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

“உங்க லேப்டாப்புல எந்த வெர்ஷன் ஓடுது?”

தலைமைச் சிற்பி லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார். “பணி நெருக்கடி காரணமா… தற்காலிகமா…”

“எனக்கும் ஆறுதான்,” என்றார் பட்டிக்காரர். சொன்னதும் பாரம் இறங்கினவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கட்டிய எட்டுப் பேரில் ஒருவர்கூட ஏழுக்குள் குடிபோகவில்லை.

அக்கா எழுந்து தம்பியின் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள்.

“பாஸ்வேர்டு.”

“இதைப் பொதுவுல பேச வேண்டியதில்ல, வீட்டுல வச்சு…”

“எழுது.”

எழுதினார். அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“பெருசா எழுதுடா.”

தலைமைச் சிற்பி, தன் குழுவினர் ஏழு பேர் பார்த்திருக்க, முதல் வகுப்புப் பிள்ளை போல ஒரு முழுப் பக்கத்துக்குப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போது அக்காவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. நாளைக்கு ஏழு தாளையும் ஒரே மூச்சில் முடித்து மேலாளர் மேசையில் போட வேண்டும். மைத்துனி வேறு நாற்காலி தேடிக்கொள்ளட்டும் என்று பேருந்தில் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வக்கீலை வரவழைத்து உட்கார வைத்தாள். ஆறாம் பதிப்பு திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. விசையையும் கூட்டல் குறியையும் அழுத்தினாள். எழுத்து எழுந்து வந்தது. மருந்துத் தாள்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். அது காலியாக இருந்தது.

மேலாளர் வந்து நின்றார்.

“அதுவா? நேத்து நீங்க சீக்கிரம் போயிட்டீங்க. மெஷின் சும்மா கிடந்துச்சு, ஏத்திட்டோம்.”

“ப்ரூஃப் யாரு சார் பாத்தா?”

“கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தோம். எழுத்துப் பிழைன்னு ஒண்ணும் காட்டல.”

“அளவு தப்பா இருந்தா அது காட்டாது சார். செவ்வாய்க்கிழமை ஒரே தாள்ல மூணு பிடிச்சிருக்கேன்.”

“அதையெல்லாம் யாரும்மா படிக்கப்போறாங்க?”

கட்டுக் கட்டுகிற இடத்தில், ஜன்னலோரம், மூன்றாவது மேசை அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.