பச்சை என்று எழுதிய நான்கு மாதம்

உச்சிப்புளி தொடக்கப்பள்ளி வாத்தியார் பூமிநாதனுக்குச் சர்க்கரை வியாதி என்று 1956இல் தெரிந்தது. ராமநாதபுரத்து டாக்டர் அவருக்கு நீல நிற மருந்துத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் கொடுத்தார். மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் உடனே ஓடி வரவேண்டும்.

வாத்தியார் ஒருநாள்கூடத் தவறவில்லை. நோட்டில் தினமும் ‘பச்சை’ என்று எழுதினார். ஆனால் கிளிஞ்சல் குத்திய கால் புண் மட்டும் ஆறவே இல்லை.

அவர் மனைவி மீனம்மாள் அந்தக் குழாய்ப் பக்கமே வரமாட்டாள். ஒரு காலையில் அவருக்குக் கால் ஊன்ற முடியாமல் போகவே, உதவிக்கு வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயை எட்டிப் பார்த்தாள்.

“ஆத்தாடி! செங்கல்லக் கரைச்ச மாதிரில்ல இருக்கு.”

“பச்சைதான். நாலு மாசமா இதேதான்.”

“கருப்பட்டி திங்கிறதுக்காகப் பொய்யா எழுதுறீக?”

“என்னையப் போயி பொய்யன்னு சொல்றியா?” வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மீனம்மாள் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் பச்சையும் பழமுமாக மிளகாய் கொண்டுவந்தாள். “இதுல பழுத்ததை எடுங்க.”

அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கடைசியில் எடுத்துக் கொடுத்தது பச்சைக்காய். மீனம்மாள் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“கல்யாணமான புதுசுல பச்சைச் சேலைன்னு செம்மண் நிறத்துல ஒண்ணு வாங்கியாந்தீகளே. அப்பவே நெனச்சிருக்கணும்.”

“அது பச்சை இல்லையா? பதினெட்டு வருசமா ஏன் சொல்லல?”

“கேலி பண்றீகன்னு நெனச்சேன். ஆசையா வாங்கியாந்ததுக்கு என்னத்தச் சொல்ல?”

அவர் சிரிக்கப் பார்த்தார், கண்தான் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கு மீனா” என்றார், முதன்முறையாக.

“மொத ரயிலுக்கே போவோம். நான் இருக்கேன்ல.”

நோட்டைப் பார்த்து மாத்திரையே போதும் என்றிருந்த டாக்டர், வாத்தியாருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று கேட்டதும் அன்றே இன்சுலின் ஊசியை ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் புண் ஆறியது.

அதன்பிறகு கொதிக்க வைப்பது வாத்தியார், நிறம் சொல்வது மீனம்மாள். மூக்கைப் பொத்துவதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நீலம்! நல்லா நம்ம கடல் மாதிரி நீலம்” என்று கத்தினாள். வாத்தியார் அதை அப்படியே, ஓர் எழுத்து விடாமல், நோட்டில் எழுதிக்கொண்டார்.