ஒன்பதாவது பாகத்துக்குப் பூஜ்யம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஈப்போவில் மீரா சாஹிப்பின் கடைக்குப் போனால் கடைசி மேசையில் உட்கார இடம் கிடைக்காது. அது ‘செம்மண் கோள்’ மேசை. சனிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் அந்தத் தொடரின் ஒரு பாகம் ஓடும். மறுநாள் ரொட்டி சானாயைப் பிய்ப்பதுபோல அதைப் பிய்த்துப் போடுவார்கள். புகழ்வதற்கென்று அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. ஆனால் ஒரு பாகத்தையும் தவறவிட்டதும் இல்லை.

கதை இதுதான். ஒரு கம்பெனி கப்பல் நிறையத் தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய், காற்றில்லாத ஒரு கோளில் இறக்கிவிட்டு, கண்ணாடிக் கூடாரத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டும் வேலை வாங்குகிறது.

மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்குப் பத்துக்கு இத்தனை மார்க் என்று சொல்லி, ஒரு வரியில் காரணமும் சொல்ல வேண்டும். அதை ஒரே தாளில் மகேந்திரன் எழுதுவார். அடுக்குமாடி வீடொன்றில் காவல் வேலை பார்ப்பவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வெளியே வரமாட்டார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எழுதியதை அவரவருக்கு வாசித்துக் காட்டுவார். அவரவர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கார்த்திகேசு மட்டும் பெருக்கல் குறி போடுவார். கடைக்காரர் மகள் ஷப்னம் அதைப் படம் பிடித்துத் தொடரின் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிடுவாள். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், தாளில் மார்க்கைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் படிக்க வராது.

கார்த்திகேசுவுக்குப் படிக்க வரும். லகாட் பக்கம் பளிங்குக்கல் பட்டறையில் கல் தூக்கும் வேலை. நாற்பத்தெட்டு வயதில், கோவில் மண்டபத்து மாலை வகுப்பில், கல் மாவு படிந்த விரலால் எழுத்துக் கூட்டப் பழகினார். அதை இந்த மேசையில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக மகேந்திரனிடம் சொல்லவில்லை.

இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த பதினாறு குடும்பமும் தோட்டக் கணக்கர் கிராணியின் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றது. மலாயில் இருந்த தாளை மகேந்திரன்தான் தமிழில் வாசித்துக் காட்டினார். “ரெண்டு வருஷத்துல புது வீடு கட்டித் தருவாங்க, அதுவரைக்கும் வெளிய இருந்துக்கணும்.” எல்லாரும் கட்டைவிரலில் மையைத் தடவி வைத்தார்கள். வைத்த மை காய்ந்த பிறகு பார்த்தால் தாளில் வீடு என்ற பேச்சே இல்லை. நான் வாசித்த தாள் வேறு, ஆபீஸில் மாற்றிவிட்டார்கள் என்று மகேந்திரன் மாரியம்மன் சன்னிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார். கார்த்திகேசு பாதி நம்பினார். நம்பாத பாதி இருபத்தெட்டு வருஷமாகப் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. தாளை மாற்றினார்களா, இவன் மாற்றி வாசித்தானா? அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் பாகம் ஓடிய மறுநாள் இந்த மேசையில் மகேந்திரனை மறுபடி பார்த்தார். “அடே கார்த்தி! இன்னும் கைநாட்டுதானா? குடு, நான் எழுதறேன்” என்று மகேந்திரன் சிரித்தபோது, கார்த்திகேசும் சிரித்துவிட்டு, “ஆமா மச்சான், நீயே எழுதிடு” என்றார். எட்டு வாரம் தாளைக் குனிந்து பார்த்தார். எட்டு வாரமும் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார் மகேந்திரன்.

இன்று ஒன்பதாவது பாகம்.

லோரி ஓட்டும் தர்மேந்திரன் தே தாரேக் டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். “ஆறாவதுல கங்காரு மாதிரி குதிச்சானுங்க. ஒன்பதாவதுல பசார்ல கத்திரிக்கா வாங்கப் போறவன் மாதிரி நடக்கறானுங்க. அந்தக் கோளு என்ன, வாரத்துக்கு வாரம் எடை கூடுதா? நாலு மார்க். அதுவும் கப்பலுக்காகத்தான்.”

“எனக்கு அந்தத் தொப்பிக் கண்ணாடிதான் கடுப்பு” என்றாள் ஷப்னம், கல்லாவிலிருந்து. “நீலன் விண்வெளித் தொப்பியப் போட்டுக்கிட்டு அவ்வளவு நேரம் அழறான். உள்ள ஆவி பிடிக்கணும்ல? பளபளன்னு இருக்கு லா. மூணு.”

“அஞ்சாவத விடவா மோசம்?” என்று தர்மேந்திரன் கார்த்திகேசுவைச் சீண்டினான். “அண்ணன் அன்னிக்குக் குடுத்தது ஒரே மார்க்கு. உச்சி வெயில்ல வெட்டினா மரத்துல பால் வராதுன்னு. அது அறிவியல் கதைண்ணே!”

“அறிவியல் கதைன்னு மரத்துக்குத் தெரியுமா?” என்றார் கார்த்திகேசு.

மேசை சிரித்தது. மகேந்திரன் சிரிக்கவில்லை. தாளைத் தடவித் தடவி நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது பாகத்தில், கம்பெனியின் மொழி தெரிந்த ஒரே ஆள் நீலன். ஒப்பந்தத்தை அவன்தான் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். “மூணு வருஷத்துல ஊருக்குக் கப்பல் வரும்” என்கிறான். எல்லாரும் கண்ணாடித் தகட்டில் உள்ளங்கையை வைக்கிறார்கள். தகட்டில் எழுதியிருந்ததில் கப்பல் என்ற பேச்சே இல்லை. கடைசியில் நீலன் தனியாக உட்கார்ந்து அழுகிறான், பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். கார்த்திகேசு நேற்று அதைப் பார்த்தபோது பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துபோயிற்று.

“நான் பத்து குடுத்திருக்கேன்” என்றார் மகேந்திரன். “இது வரைக்கும் வந்ததுல இதுதான் பாகம். அந்த நீலன் பாவம்.”

“பாவமா? அவனத் தூக்கிக் கப்பலுக்கு வெளிய வீசணும்ணே” என்றான் தர்மேந்திரன்.

“உனக்கு என்ன தெரியும்? ஸ்டேரிங்கப் பிடிக்கத் தெரியும்.” மகேந்திரன் பேனாவைத் திருப்பிக்கொண்டு, “சொல்லு கார்த்தி” என்றார்.

“பூஜ்யம்.”

“பூஜ்யமா?”

“பூஜ்யம்தான். எழுது. ‘வாசிச்சுக் காட்டினவன் திருடன். அவன அழ வச்சு நம்மள இரக்கப்படச் சொல்றது அதைவிடப் பெரிய திருட்டு.’ அவ்வளவுதான்.”

மகேந்திரனின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓடியது. எழுதி முடித்து, தாளைத் தன் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, கணீரென்று வாசித்தார்: “கார்த்திகேசு, பூஜ்யம். வாசித்துக் காட்டியவன் திருடன். அவனை அழ வைத்து நம்மை இரக்கப்படச் சொல்வது அதைவிடப் பெரிய திருட்டு. சரிதானே? இந்தா, உன் பெருக்கலப் போடு.”

கார்த்திகேசு தாளை வாங்கினார். பேனாவை வாங்கவில்லை. விரலை எழுத்தின் மேல் வைத்து, வகுப்பில் படித்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

“கார்த்திகேசு. பூஜ்யம். வீட்டில்… பலத்த… மழை. படம்… சரியாகத்… தெரியவில்லை.”

தர்மேந்திரன் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். “அட, ஆமா! மழைன்னுதான் எழுதியிருக்கு. என்னண்ணே இது? ஒன்னு எழுதி ஒன்னு வாசிக்கிறீங்க?”

மகேந்திரனின் முகம் ஆறிப்போன தேத்தண்ணி மாதிரி ஏடு கட்டிக்கொண்டது. “நீ எப்படா படிச்ச?” என்றார் கார்த்திகேசுவிடம்.

“அது இருக்கட்டும். ஏன் மாத்தின?”

“நாலு பேரு பாக்கற பக்கம். திருடன் கிருடன்னு போட்டா நம்ம மேசைக்குத்தான் அசிங்கம். உன் நல்லதுக்குத்தான்…”

“அன்னிக்கும் என் நல்லதுக்குத்தானா?”

“எந்த அன்னிக்கு?”

மகேந்திரனுக்கு அதோடு பேச்சை நிறுத்த முடியவில்லை. மேசையைத் தட்டினார்.

“உங்களுக்கெல்லாம் அந்த நீலன் மேல என்ன கோவம்? அவன் மாத்தி வாசிக்கலைன்னா வேற எவனாவது வாசிச்சிருப்பான். அப்படி என்னத்தக் கண்டான் அவன்? பழைய சைக்கிள் ஒன்னு, ஆறு மாசம் ஆபீஸ் வேலை. அதுக்கப்புறம் அவனையும்தான் வெளிய தள்ளிட்டாங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு அவன் எங்க போவான்?”

ஷப்னம் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். எல்லாப் பாகத்தையும் மூன்று தடவை பார்ப்பவள் அவள். முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தாள்.

“அங்கிள், நீலனுக்குக் கல்யாணமே ஆகலயே. அந்தக் கோள்ல சைக்கிள் ஏது? எந்த பாகத்துல வருது இது?”

தர்மேந்திரன் ஒருமுறை மகேந்திரனைப் பார்த்தான், ஒருமுறை கார்த்திகேசுவைப் பார்த்தான், கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான்.

“வராது, ஷப்னம்மா” என்றார் கார்த்திகேசு. “அது தொடர்ல வராது. எங்க தோட்டத்துல வந்துச்சு.”

பல்லில் இருந்த நார் வந்துவிட்டது. வந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். வந்த இடத்தில் ரத்தம்தான் கசிந்தது. லயத்தை இடித்த அன்றைக்கு மழையில் நனைந்த பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள், புது வீடு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே வாடகை அறையில் செத்துப்போன மனைவி நவமணி, எல்லாரும் ஒரு சைக்கிளின் விலைக்குள் அடங்கிப்போனார்கள்.

மகேந்திரன் எழுந்தார். “வயசான காலத்துல… வேணும்னே என்ன உக்கார வச்சு…” என்றார்.

“எட்டு வாரம் நேரா எழுதின. நேராவே எழுதுவன்னுதான் நினைச்சேன்” என்றார் கார்த்திகேசு. “போ. பேனாவ வச்சிட்டுப் போ.”

பேனாவை வைத்துவிட்டுத்தான் போனார்.

கார்த்திகேசு மழை என்ற வரியை அடித்தார். அதன் கீழே தன் வரியைத் தானே எழுதினார். எழுத்து கோணல் மாணலாக ஊர்ந்தது. கல் தூக்கிய விரல் பேனாவை ஒடித்துவிடும்போல இறுகியது. அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் மேசை காத்திருந்தது. ரொட்டி ஆறி விறைத்துப்போனது. பெருக்கல் குறி போடவில்லை. முழுப் பெயரையும் எழுதினார். பிறகு தாளைத் தூக்கி, எழுதியதை எழுதியபடி மேசைக்கு வாசித்துக் காட்டினார். தர்மேந்திரன் எட்டிப் பார்த்து, “அப்படியேதான் இருக்கு” என்றான்.

“மகேந்திரண்ணன் வரி?” என்று கேட்டான். “அடிச்சிடலாமா?”

கார்த்திகேசு மேல் வரியில் விரலை வைத்தார். அதையும் வாசித்தார், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

“மகேந்திரன். பத்து. வாசித்தவன் கண்ணீர் என்னை உறங்க விடவில்லை.”

“த்தூ” என்றான் தர்மேந்திரன். “அடிங்கண்ணே அதை.”

“எதுக்கு? அவன் எழுதினது, அவன் கையெழுத்து.” தாளை ஷப்னம் பக்கம் தள்ளினார். “படம் பிடிச்சுப் போடும்மா. எல்லா வரியும் தெரியணும்.”