கம்பி இல்லாத கச்சேரி

எங்கள் தெரு மாணிக்கராஜ் வாத்தியார் கிட்டார் வாங்கிய அன்றே நினைத்தேன், இது கல்யாணத்தில் முடியும், இல்லாவிட்டால் போலீஸில் முடியும் என்று.

அறுபத்திமூன்றாம் வருஷம். சிலோன் ரேடியோவில் ராக் அண்ட் ரோல் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கிறுக்குப் பிடித்து, மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். தாளத்துக்கு, எண்ணெய்க் கடையில் லோடு ஏற்றும் பெத்தணன். மூன்று காலி டின், இரண்டு குச்சி, ஆள் தயார். ஊர் விருதுநகர் என்பதால் 'விருதை இரட்டையர்' என்று பெயர். அச்சாபீஸ்கள் பக்கத்திலேயே சிவகாசியில் இருக்கின்றனவா, முதல் பாட்டு பழகும் முன்பே ஆயிரம் நோட்டீஸ் வந்து இறங்கிவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் அதைத்தான் விரித்திருக்கிறேன்.

வாத்தியாருக்குத் தன் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கும் ஞானஜோதி டீச்சர் மேல் ஒரு கண். அவள் அப்பா தேவாசீர்வாதம் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெண் கேட்டுப் போனவரிடம் அவர் சொன்னது தெரு முழுக்கத் தெரியும். நான்தானே சொன்னேன்.

"ஒரே ஒரு இடத்துல சனம் எந்திரிச்சுப் போகாம உங்க கச்சேரிய முழுசாக் கேக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

முதல் கச்சேரி கிறிஸ்துமஸ் விழாவில். இரண்டாம் பாட்டிலேயே பங்குச் சாமியார் எழுந்து செருப்பைத் தேடினார். அடுத்தது பெத்தணன் ஊரில். முன்வரிசையில் இருந்த அவன் அத்தை ராக்காயி கேட்டாள்: "ஏலே, சோளத்துக்குக் கிளி விரட்டவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

மிச்சமிருந்தது தேவாசீர்வாதத்தின் கம்பெனியில் ஆயுத பூஜை. அப்பாவிடம் பேசி ஏற்பாடு செய்தவள் ஞானஜோதி. வாத்தியார் புதுக் கம்பி மாட்டினார். பெத்தணன் டின்களைச் சாம்பல் போட்டு விளக்கினான்.

வாசலில் வாட்ச்மேன் சுடலை மறித்தார். "இரும்பு, தகரம் எதுவும் உள்ள போகக்கூடாது. பொறி பறந்தா நாம எல்லாரும் சேந்து பறப்போம். செருப்பையும் கழட்டுங்க."

சிவகாசியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. விருதுநகர்க்காரருக்கு மிளகாய் தெரியும், வெடிமருந்து எப்படித் தெரியும்?

"இன்னைக்குத்தான் மருந்து கலக்கலையே" என்றார் வாத்தியார்.

தேவாசீர்வாதமே வந்தார். "நேத்துக் கலந்தது எங்க போகும்? பாட்டைக் கொண்டுபோங்க தம்பி. அதுல இரும்பு இல்லைல்ல."

வெறுங்காலும் வெறுங்கையுமாக இருவரும் மேடை ஏறினார்கள். என் தங்கச்சி மகள் செல்லக்கனி அங்கே திரி சுற்றுகிறாள் என்ற உரிமையில் நானும் போயிருந்தேன். வாத்தியார், அப்பாவோடு உட்கார்ந்திருந்த ஞானஜோதியைப் பார்த்தார். அப்புறம் வாயாலேயே 'டொய்ங், டொய்ங்' என்று கிட்டார் வாசிக்க ஆரம்பித்தார். விரல்கள் மட்டும் காற்றில் கம்பியைத் தேடின. பெத்தணன் தொடையில் தட்டினான், கன்னத்தில் தட்டினான், கடைசியில் வயிற்றில் தட்டினான். மதியம் சாப்பிடாத வயிறு, நல்ல நாதம்.

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பாடச் சொன்னார்கள். பொரிகடலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

தேவாசீர்வாதம் சொல் தவறவில்லை. "தை மாசம் கல்யாணத்த வச்சுக்கிருவோம்."

அதன்பின் ஐந்து வருஷம் கோவில்பட்டி வரை அழைப்பு வந்தது. ஓரிடத்திலும் கிட்டாரைக் கேட்கவில்லை. கிட்டார் வேண்டாம் என்பது கல்யாண வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. அன்றைக்காவது ஆசை தீர மீட்டுவோம் என்று கிட்டாரோடு மேடை ஏறினார் மாப்பிள்ளை. இரண்டு இழுப்புதான் இழுத்தார். பந்தலின் கடைசியிலிருந்து சுடலையின் குரல் வந்தது.

"அதக் கீழ வச்சிட்டு வாசிங்க வாத்தியாரே."