வேனை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்

நோரீன் வீட்டு வாசலில் நின்ற வேனின் கண்ணாடியில் டவுன் ஹால்காரர்கள் ஆரஞ்சுச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓடாத வண்டியை வீட்டு வாசலில் வைத்திருக்கக் கூடாதாம். பத்து நாளில் ஓட வேண்டும், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள். தார்ப்பாய் போட்டு மூடினாலும் செல்லாது, கதவு போட்ட ஷெட் வேண்டும். ஷெட் கட்ட நோரீனுக்கு எங்கே வக்கு?

புகார் கொடுத்தது எதிர்வீட்டு கார்லாதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கட்டிப்பிடிப்பாள், ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வருவாள், வீட்டுக்குப் போனதும் பேர் சொல்லாமல் டவுன் ஹாலுக்குப் போன் போடுவாள். இந்த ஒஹாயோ ஊரில் சண்டை என்றால் அதுதான். வாய்விட்டுத் திட்டித் தொலைத்தாலாவது தேவலை!

அந்த வேனில்தான் நோரீனின் தம்பி கர்ட்டிஸ் குடியிருந்தான். பெண்டாட்டி செத்ததிலிருந்து எந்த ஊரிலும் கால் தரிக்காதவன். இருக்கிறானா செத்தானா என்றுகூட வருஷக்கணக்காய்த் தெரியாது. போன இலையுதிர் காலத்தில் திடீரென்று வந்து நின்றான். மறுநாள் கிளம்பும்போது எஞ்சின் படுத்துவிட்டது. அதனால் தங்கினானே தவிர, அக்கா மேல் பாசம் பொங்கி அல்ல. நோரீனுக்கா தெரியாது? அந்த எஞ்சினுக்கு மனசுக்குள் கும்பிடு போடாத நாளில்லை அவளுக்கு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தம்பி கண்ணில் படுவான்.

"வேன் போனா போகட்டும், உள்ள வந்து படுடா."

"சுவருக்குள்ள மூச்சு முட்டுதுக்கா. வேன் போச்சுன்னா நானும் நடையைக் கட்டிருவேன்."

"பனி கொட்டுதுடா, மூதேவி!"

"கொட்டட்டும்."

பனியில் நடந்து சாவதைவிட வண்டி ஓடுவதே மேல் என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். வேலை நடக்கும்போதே தம்பியிடம் கேட்டாள்.

"ஓடினாலும் இங்கேயே இருப்பேல்ல?"

"உன் பீன்ஸ் சூப்பை விட்டுட்டு எங்கக்கா போகப் போறேன்?" என்று சிரித்தான். நம்பினாள், பாவி.

சோதனைக்கு டவுன் ஹாலிலிருந்து லாம்பர்ட் வந்தார். நல்ல மனுஷன்தான். "தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வாங்க, போதும்" என்றார்.

ஒரே திருப்பில் எஞ்சின் உயிர் பிடித்தது. கர்ட்டிஸ் கண்ணாடியை இறக்கினான்.

"குளிருதுக்கா, உள்ள போ."

முனையில் ஒழுங்காக நின்றான், சிக்னல் போட்டான், அடுத்த தெருவுக்குள் வளைந்து மறைந்தான். நோரீனும் லாம்பர்ட்டும் வாசலிலேயே நின்றார்கள். சத்தம் தேய்ந்து, அப்புறம் கேட்கவேயில்லை. லாம்பர்ட்டின் காது குளிரில் சிவந்துவிட்டது. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வண்டி நல்லா ஓடுதும்மா. புகாரை முடிச்சுடறேன்."

"அப்போ, வந்தான்னா இங்கயே நிறுத்தலாம்ல?"

"ஓடற வண்டிதானேம்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "தாராளமா நிறுத்தலாம்."