ஏழு நாள் முட்டை

எனக்கு முதுகலைப் பட்டம் வாங்கிக் கொடுத்தது ஏழு வாத்து முட்டைகள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குத்தான் சிரிப்பு வராது.

டாக்காவில் வளர்ச்சியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஆய்வேட்டுக்காக நாங்கள் ஆறு பெண்கள் குரிகிராம் பக்கம், பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் மணல்திட்டுக்குப் போனோம். ஆளுக்கொரு வீட்டில் ஏழு நாள் தங்கி, அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் என்ன சமைக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். ஆண்கள் இருக்கும் வீட்டில் கல்யாணமாகாத பெண்களைத் தங்க விடுவார்களா? புருஷன் ரிக்‌ஷா இழுக்க ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத வீடுகள் திட்டில் ஒன்பது இருந்தன. அதில் ஆறில் நாங்கள் புகுந்தோம். எனக்கு மொர்ஜினா வீடு வாய்த்தது.

அடுத்தவர் வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குப் போகிறவள். நான் அவளை புபு, அதாவது அக்கா, என்றேன். நோட்டுப் புத்தகத்தோடு வருகிற பெண்கள் எல்லோருமே அங்கே மரியாதைக்கு ஆபாதான் என்பதால் நான் ஆபா. தினமும் என் சோற்றின் மேல் ஒரு வாத்து முட்டை இருக்கும். அவள் மகள் ஷியூலி என் தட்டையே பார்ப்பாள். நான் கூச்சப்பட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே தின்றேன்.

கிளம்பும் நாளில் வினாத்தாளை எடுத்தேன். கடந்த ஏழு நாட்களில் இந்த வீட்டில் சமைத்தது என்ன?

"முட்டை?" என்று கேட்டேன்.

"கேக்கறதப் பாரு! ஏழு நாளா முழுங்கினியே, எண்ணத் தெரியாதா ஆபா? எழுது, எழுது. மொர்ஜினா வீட்ல ஒண்ணுமில்லன்னு டாக்காவுல போய் மானத்த வாங்காத."

வீட்டார் யாரும் முட்டை தின்னவில்லைதான், ஆனாலும் அவள் முகத்துக்கு நேரே பூஜ்யம் போட என்னால் முடியவில்லை. ஏழு என்று எழுதினேன். இதுவரைக்கும் என்னை மன்னிக்கலாம்.

டாக்கா திரும்பியதும் பேராசிரியர் முஸ்தாக் சார், ஆறு பேர் கணக்கையும் சேர்த்து நான் போட்ட அட்டவணையைப் பார்த்துக் குதித்தார். "பிரமாதம் லுப்னா! ஆம்பள இல்லாத வீட்லதான் நல்லா சாப்பிடறாங்க. இதையே ஆய்வேடா எழுது."

விடுதிக்கு வந்து வினாத்தாளைப் புரட்டியபோதுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன்: விருந்தாளிக்காகச் சமைத்ததைச் சேர்க்கக் கூடாது. எண்ணிப் பார்த்தேன். முட்டையும் மீனும் சமைத்தது சரியாக ஆறு வீடுகள், நாங்கள் தங்கிய ஆறு. நாங்கள் தங்காத மூன்றிலும் வெறும் சோறும் கீரையும்.

ஆய்வேடு கொடுக்க மூன்று வாரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் முதலிடம் வாங்கினேன். அம்மா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

பரம ஏழை வீடுகளுக்குச் சினைமாடு கொடுக்கும் ஓர் அமைப்புக்கு சார் அந்த அட்டவணையை அனுப்பினார். அவர்கள் அதை வைத்துப் பட்டியல் போட்டார்கள். எனக்கு வேலையும் கொடுத்தார்கள். என் முதல் பயணமே அதே திட்டில் மாடு கொடுக்கும் விழாவுக்குத்தான்.

மொர்ஜினா துவைத்த சேலை கட்டி, புதிதாகத் திரித்த சணல் கயிற்றோடு வரிசையில் நின்றாள். பெயர்களை வாசித்தார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவள் கயிறு மட்டும் கையிலேயே இருந்தது.

"என் பேரு விட்டுப்போச்சு போல," என்று என்னிடம் வந்தாள். "பக்கத்து வீட்டுக்காரிங்க சிரிச்சாளுங்க. எங்க ஆபா வந்திருக்கா, பாத்துப்பான்னு சொல்லிட்டேன். வா, மொதல்ல சாப்பிடு."

வீட்டுக்குப் போனதும் தட்டில் சோறு வைத்தாள். மேலே முட்டை. எல்லாவற்றையும் சொன்னேன், சிறிய எழுத்தை, மூன்று வாரத்தை, முதலிடத்தை.

"பேரு விட்டுப்போகல புபு. முட்ட சமைக்கிற வீடு ஏழை வீடில்லன்னு தள்ளிட்டாங்க. நான்தான் விட வெச்சேன். தெரிஞ்சேதான்."

அவள் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"அடைக்கு வைக்கச் சேத்து வெச்ச முட்ட அதெல்லாம்," என்றாள். "ஷியூலி கேட்டா. குஞ்சு பொரிச்சா நமக்குத்தான்டின்னு அவள அடக்கிட்டு உனக்குப் போட்டேன். தின்னவ நீ. மாடு போனது எனக்கா?"

தட்டை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல எழுது. அப்புறம் சாப்பிடு."

முஸ்தாக் சாருக்கும் அமைப்புக்குமாகச் சேர்த்து எழுதினேன். அட்டவணை பொய், ஆய்வேடு பொய், அந்த முட்டைகளைத் தின்றது நாங்கள். கையெழுத்தும் போட்டேன். பட்டம் போகும், வேலையும் போகும்.

"படி," என்றாள். படித்தேன்.

"முட்டன்னு எங்க எழுதியிருக்க?"

காட்டினேன். எழுத்துத் தெரியாத அவள், அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இப்ப மாடு வருமா?"

"தெரியல புபு."

அவள் எழுந்து கயிற்றைச் சுவர் மூங்கிலில் மாட்டினாள். முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை ஷியூலியின் தட்டில் வைத்துவிட்டு, மறுபாதியோடு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எங்க வீட்ல விருந்தாளிக்குப் பாதிதான்," என்றாள். "இதச் சரியா எழுதிக்கோ."